கப்பலில் கொடுத்த மாத்திரை

1951ஆம் ஆண்டு. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். முறை முடிந்து ஊர் திரும்பும் அமெரிக்க வீரர்களுக்குக் கப்பலில் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மொத்தம் பதினான்கு நாள். மாத்திரையின் பெயர் பிரைமாகுயின்.

இதற்கொரு காரணம் இருந்தது. கொரியாவில் பரவியிருந்தது வைவாக்ஸ் வகை மலேரியா. இந்தக் கிருமி இரத்தத்தில் இருந்து போய்விட்டதுபோலப் பாசாங்கு செய்துவிட்டு கல்லீரலில் ஒளிந்துகொள்ளும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, எல்லாம் மறந்துபோன ஒரு நாளில், மறுபடியும் குளிர்காய்ச்சலாகத் திரும்பி வரும். போன வீரன் வந்தான், கூடவே மலேரியாவும் வந்தது என்று ஆகிவிடக் கூடாதல்லவா? ஒளிந்திருப்பதைக் கொல்லும் மருந்து இது.

பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு மட்டும் மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உடம்பு சோர்ந்தது. முதுகு வலித்தது. கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் பாலில்லாத காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. இரத்தத்தைச் சோதித்தால் சிவப்பணுக்கள் கூட்டம் கூட்டமாக உடைந்து போயிருந்தன. இத்தனைக்கும் அவர்கள் நோயாளிகள் இல்லை. இராணுவ மருத்துவர்கள் தலை முதல் கால் வரை பார்த்துத் தேர்வு செய்த, இருபது இருபத்திரண்டு வயது வாலிபர்கள். அவர்களில் மிகப் பலர் கறுப்பினத்தவர்.

உடம்புக்குள் பிறந்த நாளிலிருந்து ஒரு குறை இருந்திருக்கிறது. அது இருப்பது அவர்களுக்கும் தெரியாது, பெற்றவர்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒரு மாத்திரை பட்டவுடன் வெளியே வந்துவிட்டது. அது என்ன குறை என்று கண்டுபிடித்த கதைதான் இது. கண்டுபிடித்த இடம் ஒரு சிறைச்சாலை என்பதால், முழுக்கச் சந்தோஷமாகச் சொல்லக்கூடிய கதை அல்ல.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரைமாகுயினுக்கு ஒரு அண்ணன் உண்டு, பாமாகுயின் என்று பெயர். ஜெர்மனியில் உருவாகி 1926இல் புழக்கத்துக்கு வந்த மருந்து. அதே ஆண்டிலேயே மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் வேலை பார்த்த ஒரு மருத்துவர், இதைச் சாப்பிட்ட தொழிலாளிகள் சிலருக்குத் திடீரென்று இரத்தம் உடைகிறது என்று எழுதிவிட்டார். எல்லோருக்கும் இல்லை, சிலருக்குத்தான். ஏன் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க முப்பது ஆண்டுகள் ஆயின. தோட்டத் தொழிலாளிக்கு வந்த நோய் என்றால் கேள்வி மெதுவாகத்தான் நகரும் போலிருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் வேகம் பிடித்தது. பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையை ஜப்பானியரோடு சேர்ந்து கொசுவும் அடித்தது. கொயினா மரங்கள் வளர்ந்த ஜாவா ஜப்பான் கைக்குப் போய்விட்டதால் கொயினா மருந்துக்கும் தட்டுப்பாடு. புது மருந்து வேண்டும், அதைச் சோதிக்க மனிதர்கள் வேண்டும். 1944இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டேட்வில் சிறையில், சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்ஃப் ஆல்விங் தலைமையில் சோதனைகள் தொடங்கின. நியூகினியாவில் போரிட்ட ஒரு வீரரின் உடம்பிலிருந்து எடுத்த மலேரியாக் கிருமியைக் கொசுக்களில் ஏற்றி, அந்தக் கொசுக்களைக் கைதிகளின் கையில் கடிக்க விட்டார்கள். காய்ச்சல் வந்த பிறகு மருந்து. நானூறுக்கும் மேற்பட்ட கைதிகள் கையெழுத்துப் போட்டுவிட்டு இதில் சேர்ந்தார்கள். கொஞ்சம் பணம், தண்டனை குறையலாம் என்ற நம்பிக்கை, போருக்கு நம்மாலான உதவி என்ற எண்ணம், எல்லாம் கலந்திருந்தது. 1945இல் லைஃப் பத்திரிகை இதைப் படங்களோடு பாராட்டி வெளியிட்டது.

இரண்டே ஆண்டில் காட்சி மாறியது. நூரம்பர்க்கில் நாஜி மருத்துவர்கள் மீது வழக்கு நடந்தபோது, அவர்களின் வக்கீல்கள் இந்த ஸ்டேட்வில்லைத்தான் எடுத்துக் காட்டினார்கள். எங்கள் கட்சிக்காரர்கள் கைதிகளை வைத்துச் செய்தது குற்றம் என்றால் உங்கள் ஊர்ச் சிறையில் நடப்பது என்ன என்பதே வாதம். அமெரிக்கத் தரப்பில் சாட்சி சொன்ன ஆண்ட்ரூ ஐவி, எங்கள் கைதிகள் மனமொப்பி வந்தவர்கள் என்றார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவனின் சம்மதம் எவ்வளவு சம்மதம்? 1947இல் வந்த நூரம்பர்க் நெறிமுறையின் முதல் வரியே சுயவிருப்பமான சம்மதத்தைப் பற்றியது. ஸ்டேட்வில் சோதனைகளோ 1974 வரை தொடர்ந்தன.

சரி, மாத்திரைக்கு வருவோம். போர் முடிந்தபின் தயாரான பிரைமாகுயினை ஸ்டேட்வில்லில் கறுப்பினக் கைதிகளுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது, நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இரத்தம் உடைந்தது. கப்பலில் 15 மில்லிகிராமோடு நிறுத்திக்கொண்டதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

இங்கேதான் புதிர். மருந்து எல்லோருக்கும் ஒன்று, அளவு ஒன்று. அப்படியென்றால் அந்தச் சிலரின் உடம்பு மருந்தை வேறு எதுவாகவோ மாற்றி விஷமாக்குகிறதா? அல்லது அவர்களின் சிவப்பணுவிலேயே ஏதோ கோளாறா? குற்றவாளி கல்லீரலா, இரத்தமா?

ரேமண்ட் டெர்னும் மற்றவர்களும் இதைத் தீர்த்த விதம் மிக எளிமையானது. மருந்து ஒத்துக்கொள்ளாத ஒருவரின் இரத்தத்தை எடுத்துக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டார்கள். ரூபாய் நோட்டில் இரகசியக் குறி வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அதை மருந்து ஒத்துக்கொள்ளும் வேறொருவருக்கு ஏற்றி, பிரைமாகுயின் கொடுத்தார்கள். குறி வைத்த அணுக்கள் மட்டும் செத்தன. அவருடைய சொந்த அணுக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு தலைகீழாகச் செய்தார்கள். நல்ல இரத்தத்துக்குக் குறி வைத்து, ஒத்துக்கொள்ளாதவருக்கு ஏற்றினார்கள். அவருடைய சொந்த இரத்தம் உடைந்துகொண்டிருக்க, கடன் வாங்கிய இரத்தம் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது! ஆக கல்லீரல் நிரபராதி. குறை சிவப்பணுவுக்குள்தான். இந்த முடிவு 1954இல் வெளியானது.

இன்னொரு விசித்திரமும் கண்ணில் பட்டது. இரத்தம் உடைந்துகொண்டிருக்கும்போதே மருந்தை நிறுத்தாமல் தொடர்ந்து கொடுத்தார்கள். (ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு இதைச் செய்ய விடுவானா என்பது வேறு விஷயம்.) சில வாரங்களில் இரத்த அளவு தானாகவே ஏறி நின்றது. மருந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தும் இரத்தம் உடையவில்லை. எப்படி?

இதற்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் எர்னஸ்ட் பியூட்லர். 1928இல் பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சியில் குடும்பம் 1935இல் அமெரிக்காவுக்குத் தப்பி வந்தது. பதினைந்து வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர், இருபத்தைந்து வயதுகூட முடியாமல் ஸ்டேட்வில்லில் இந்த ஆராய்ச்சியில் இருந்தார். சிவப்பணுக்களின் வயதைப் பிரித்துப் பார்த்ததில் விடை கிடைத்தது. மருந்து கொல்வது கிழட்டு அணுக்களை மட்டும்தான். அவை செத்து, எலும்பு மஜ்ஜை அனுப்பும் இளம் அணுக்கள் இரத்தத்தில் நிறைந்ததும் சேதம் நின்றுவிடுகிறது.

அந்த அணுவுக்குள் எது குறைகிறது என்பது 1956இல் பால் கார்சனும் கூட்டாளிகளும் சயன்ஸ் இதழில் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் வெளிவந்தது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜினேஸ் என்னும் நொதி. நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் உலகமே ஜி6பிடி என்று சுருக்கிவிட்டது.

வணிகவியல் வகுப்புக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். சிவப்பணு ஒரு சின்னக் கடை. ஆக்சிஜனைச் சுமந்து போவது அதன் வியாபாரம். ஆக்சிஜனோடு பழகினால் அரிப்பு உண்டு, இரும்பு துருப்பிடிப்பதுபோல. அந்த அரிப்பைத் தடுக்கும் காவலுக்குக் குளூட்டாதயோன் என்று பெயர். காவலுக்குச் சம்பளம் போடும் ஒரே காசாளர் ஜி6பிடி. மற்ற உயிரணுக்களுக்கு வேறு வரவு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை, உட்கருவும் இல்லை, ஆகவே வேறு வழியும் இல்லை, புதுச் சரக்கும் வராது. பிறக்கும்போது கையில் கொடுத்த தொடக்க இருப்பை வைத்துக்கொண்டே 120 நாள் கடையை ஓட்ட வேண்டும். நாளாக ஆக அந்த நொதிக்குத் தேய்மானம்! சாதாரண மனிதரின் நொதி பாதியாகக் குறைய 62 நாள் ஆகிறது. ஆப்பிரிக்க வழியினரிடம் அதிகம் காணப்படும் குறையுள்ள வகை 13 நாளிலேயே பாதியாகிவிடுகிறது. எனவே இளம் அணு தாக்குப்பிடிக்கும், வயதான அணுவின் கையிருப்பு கிட்டத்தட்ட சைபர். சும்மா இருக்கிற வரை அதுவும் ஓடிவிடும். பிரைமாகுயின் மாதிரி ஒரு பெரிய செலவு வரும்போதுதான் கடை திவாலாகிறது.

கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து பழைய வழக்கு ஒன்று வந்து சேர்ந்தது. இத்தாலியின் சார்டீனியா தீவிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் வசந்த காலத்தில் ஃபாவா என்ற மொச்சை போன்ற பயறு காய்க்கும். (நம்மூர் அவரை, மொச்சை வேறு செடி. பயப்பட வேண்டாம்.) ஊரே அதைச் சமைத்துச் சாப்பிட, சில பிள்ளைகள் மட்டும் ஒன்றிரண்டு நாளில் வெளுத்துப்போய், கருஞ்சிறுநீர் கழித்துப் படுத்துவிடுவார்கள். சிலர் இறந்தும் போவார்கள். பூ வாசம் பட்டது, காற்று பட்டது என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கிரேக்க ஞானி பித்தாகரஸ் இந்தப் பயறைத் தன் சீடர்களுக்கு விலக்கி வைத்ததுகூட இதனால்தான் என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு வேறு ஐந்தாறு விளக்கங்களும் இருப்பதால் அதை அப்படியே விட்டுவிடலாம். 1950களின் இறுதியில் இஸ்ரேலிலும் இத்தாலியிலும் அந்த நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்தபோது அதே ஜி6பிடி குறை. ஸ்டேட்வில் சிறைக் கைதியும் சார்டீனியக் குடியானவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே கணக்கில் வந்து நின்றார்கள். சார்டீனியாக்காரர்களின் குறை இன்னும் கடுமையான வகை. அதில் இளம் அணுக்களும் தப்புவதில்லை.

கறுப்பினத்தவரின் நோய் என்று முத்திரை குத்தத் தயாராக இருந்தவர்களுக்கு இது ஒரு குட்டு. குர்திஸ்தானிலிருந்து வந்த யூத ஆண்களில் பாதிக்கு மேல் இந்தக் குறை உள்ளவர்கள். இந்தியாவிலும் உண்டு, கேரளா-கல்யாண் என்றும் ஒரிசா என்றும் நம் ஊர்ப் பெயரிலேயே இரண்டு வகைகள் மருத்துவ நூல்களில் இருக்கின்றன. உலகம் முழுக்க 40 கோடிப் பேருக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இவ்வளவு பேருக்கு ஒரு குறை ஏன் இருக்க வேண்டும்? நஷ்டம் தரும் சரக்கை எந்தக் கடைக்காரரும் தலைமுறை தலைமுறையாக வாங்கி வைப்பதில்லை. உலக வரைபடத்தில் இந்தக் குறை உள்ள இடங்களையும், ஒரு காலத்தில் மலேரியா ஆட்டிப்படைத்த இடங்களையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக விழும். சார்டீனியாவிலேயே மலேரியா அதிகமிருந்த தாழ்வான கிராமங்களில் குறை அதிகம், மலைக் கிராமங்களில் குறைவு. அரிப்பு அதிகமான சிவப்பணுவுக்குள் மலேரியாக் கிருமிக்கும் வாழ்வது கஷ்டம். தாலசீமியா போன்ற இரத்தக் குறைகள் மலேரியாவிலிருந்து காப்பாற்றுவதால்தான் நிலைத்திருக்க வேண்டும் என்று 1949இலேயே ஊகித்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் இறந்த அதே ஹால்டேன்தான். ஆக, மலேரியாவிலிருந்து காப்பாற்ற முன்னோர் விட்டுச்சென்ற சொத்து, மலேரியாவுக்கான மாத்திரை பட்டதும் கடனாக மாறுகிறது. வினோதமான உயில்!

இந்த ஒரு நொதியை வைத்து ஒரு புதுத் துறையே பிறந்தது. ஒரே மருந்து இருவரிடம் இருவேறாக நடந்துகொள்வதற்குப் பரம்பரை காரணமாகலாம் என்று 1957இல் எழுதினார் ஆர்னோ மோட்டல்ஸ்கி. 1939இல் எந்தத் துறைமுகமும் ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பிய செயின்ட் லூயிஸ் கப்பலில் அகதிச் சிறுவனாக இருந்தவர் அவர். இந்தக் கதையில் கப்பல்கள் அதிகம்தான்.

ஆராய்ச்சியைப் பயனாக மாற்றியதில் சிங்கப்பூரைச் சொல்லியாக வேண்டும். அங்கே பிறந்த குழந்தைகள் பல கடும் மஞ்சள் காமாலையால் இறந்தன. பிழைத்தவற்றில் சில காது கேளாமலும் கைகால் விளங்காமலும் போயின. காமாலை நிறமி மூளையில் ஏறிவிடுவதால் வரும் கொடுமை இது. காரணங்களில் முக்கியமானது ஜி6பிடி குறை என்று தெரிந்ததும், 1965 முதல் எந்த இனத்துக் குழந்தையானாலும் தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தார்கள். குறை உள்ள குழந்தையை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தார்கள். தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலைத் தாயின் கையில் கொடுத்தார்கள். அங்கே பிறந்த தமிழ்க் குழந்தைகளுக்கும் அந்தச் சோதனை நடந்தது. கப்பல் வீரனுக்கு இருபது வயதில், கருஞ்சிறுநீரைப் பார்த்துத் தெரிந்த உண்மை, இங்கே பிறந்த அன்றே தெரிந்துவிடுகிறது.

அந்தப் பட்டியலில் நம் வீடுகளுக்கு ரொம்ப நெருக்கமான ஒரு பொருள் உண்டு. துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டை, அதாவது அந்துருண்டை. நாப்தலீன். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்றக் கூடாது, மெத்தென்றிருக்கும் பழைய பருத்திப் புடவையில்தான் சுற்ற வேண்டும் என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தப் புடவை பாட்டியின் பெட்டியில் பாச்சை உருண்டையோடு வருஷக்கணக்காகக் கிடந்ததாக இருந்தால், அதன் நெடி மூச்சிலும் தோலிலும் புகுந்து ஜி6பிடி குறையுள்ள சிசுவின் இரத்தத்தை உடைத்துவிடும். பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து, நன்றாகக் காற்றில் உலர்த்திய பிறகு பயன்படுத்துவது நல்லது. குறை இருப்பது தெரிந்த வீட்டில் உருண்டையே வேண்டாம். வேண்டாதவை பட்டியலில் தொழுநோய்க்கான தாப்சோன் மாத்திரையும் இருக்கிறது.

பிரைமாகுயின் இன்றும் வழக்கொழியவில்லை. தமிழ்நாட்டின் மலேரியாவில் பெரும்பங்கு நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் கொசு, பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. அதற்குக் கொடுப்பது அதே மாத்திரை, அதே பதினான்கு நாள். மாத்திரை தரும்போதே சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொல்ல வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான அறிவுரை. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாஃபெனோகுயின் ஒரே வேளை மருந்து. பதினான்கு நாள் தொல்லை இல்லை. ஆனால் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் மருந்து என்பதால், ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதியில் நிறுத்தவும் முடியாது. அதனால் ஜி6பிடி அளவைச் சோதிக்காமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று விதி. சோதனை முதலில், மாத்திரை பிறகு என்ற வரிசை வருவதற்கு, 1926இலிருந்து எண்ணினால் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள்.

ஒரு வீட்டில் பையனுக்கு இப்படித் திடீரென்று காமாலை வந்து குறை தெரிந்தால் அடுத்து யாரைப் பார்ப்பது? இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது தாயிடமிருந்து வருவது. அப்பாவுக்கும் மகனுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் கிடையாது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்று கெட்டாலும் மற்றது பெரும்பாலும் சமாளிக்கும். அவள் உடம்பில் இரண்டு வகை அணுக்களும் கலந்தே ஓடும். 1962இல் இதைக் காட்டியவரும் அதே பியூட்லர்தான். எனவே அம்மா ஒரு நாளும் நோயில் படுக்காமலே கடத்தியிருப்பாள், அதற்கு அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சோதிக்க வேண்டியவர்கள் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள், தாய்மாமன்கள், பெரியம்மா சித்தி பிள்ளைகள். தாய்மாமனுக்கும் குறை இருந்து, அவருக்கே அக்காள் மகளைக் கட்டிக் கொடுத்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு இரண்டு எக்ஸும் குறையுள்ளதாக அமைந்துவிடலாம்.